சந்தன்நகரில் புதுச்சேரியைத் தேடாதீர்கள்

“வேலை விஷயமாக மூன்று மாதம் கொல்கத்தாவில் தங்கப் போகிறேன். பக்கத்தில் சந்தன்நகர் என்று ஆற்றங்கரை ஊர் ஒன்று இருக்கிறதாம். வங்காளத்தின் புதுச்சேரி என்கிறார்கள். அதன் வரலாறு என்ன, பண்பாடு என்ன, ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்க்கத் தகுமா?” என்பது கேள்வி.

தகும். ஆனால் அந்தப் பட்டப்பெயரை நம்பிப் போனால் ஏமாற்றத்தோடுதான் திரும்புவீர்கள். ஹூக்ளி மாவட்டத்தில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் நான். என்னைப் பார்க்க வந்த உறவினர்களைப் பலமுறை சந்தன்நகருக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ரிக்‌ஷாவில் ஏறியதும் எல்லாரும் கேட்பது ஒன்றே: “மஞ்சள் சுவர் வீடெல்லாம் எங்கே?” புதுச்சேரி ஒழுங்காகக் கோடு போட்டுக் கட்டப்பட்ட ஊர். அங்கே தெருக்கள் நேராகப் போகும். நடுவே ஒரு வாய்க்கால் வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும். சந்தன்நகரில் அதெல்லாம் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அழகான நடைபாதை, அதையொட்டிச் சில பழைய கட்டடங்கள், அவ்வளவுதான் பிரெஞ்சுச் சாயல். திரும்பி இரண்டு தெரு உள்ளே போனால் மற்ற எந்த வங்காளச் சிற்றூரும் போலத்தான்: மீன் சந்தை, குளம், காரை பெயர்ந்த வீடு, அதன் திண்ணையில் மணிக்கணக்கில் அரட்டை.

இந்த ஊருக்குப் பிரெஞ்சுக்காரர் கொடுத்தவற்றுள் முக்கியமானது கட்டடம் அல்ல, ஓர் எல்லைக்கோடு என்பது என் கருத்து. அந்த எல்லையை ஊர்க்காரர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் சந்தன்நகரின் கதை.

முதலில் பெயர். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் நாம் “சந்திரநாகூர்” என்று படித்தது இந்த ஊரைத்தான். காரைக்காலும் நாகூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதால், சந்திரநாகூரும் அந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறது என்று எட்டாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன். வங்காளிகள் “சொந்தொன்நொகோர்” என்று உச்சரிப்பார்கள். ஆறு அங்கே பிறைநிலா மாதிரி வளைவதால் சந்திரன் பெயர் வந்தது என்பது ஒரு கட்சி. சந்தன மர வியாபாரத்தால் வந்தது என்பது இன்னொரு கட்சி. அங்குள்ள சண்டி கோயிலைக் காட்டிச் சண்டிநகர்தான் மருவியது என்பாரும் உண்டு. மூன்றில் எதற்கும் கறாரான சான்று இல்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்றும் புழங்கும் பெயர் ஒன்று இருக்கிறது: பராஸ்டாங்கா. பிரெஞ்சுக்காரர்களின் மேட்டுநிலம் என்று பொருள். எனக்குப் பிடித்த பெயர் இதுதான்.

அடுத்து ஆறு. வரைபடத்தில் ஹூக்ளி என்று போட்டிருப்பார்கள். உள்ளூரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது கங்கை. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருந்தும் அதில் ஏற்றவற்றம் உண்டு. காலையில் தெற்கே மிதந்து போகும் ஆகாயத்தாமரைக் கூட்டம் சில மணி நேரத்தில் வடக்கே திரும்பி வருவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். கப்பல்களுக்கு இந்த ஏற்றவற்றம்தான் கூலி வாங்காத மாடு. பழைய துறைமுகமான சப்தகிராமத்துக்குத் தண்ணீர் கொடுத்த சரஸ்வதி ஆறு தூர்ந்துபோனதும் வணிகம் முழுவதும் ஹூக்ளிக்கு மாறியது; பின்னாலேயே ஐரோப்பியர்களும் வந்தார்கள். வடக்கிலிருந்து தெற்கே வரிசையாகப் பண்டேலில் போர்த்துகீசியர், சின்சுராவில் டச்சுக்காரர், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர், ஸ்ரீராம்பூரில் டேனிஷ்காரர், கடைசியில் கல்கத்தாவில் ஆங்கிலேயர். சுமார் 40 கிலோமீட்டருக்குள் ஐந்து தேசத்துக் கொடிகள். நம் பக்கம் தரங்கம்பாடியும் காரைக்காலும் நாகப்பட்டினமும் அடுத்தடுத்து இருந்த மாதிரி, ஆனால் இங்கே ஒரே ஆற்றின் கரையில்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே முதலில் இடம் பிடித்தது 1673இல். ஆனால் ஊன்றி நின்றது 1690 வாக்கில்தான். புதுச்சேரியை உருவாக்கிய பிரான்சுவா மர்த்தேனின் மருமகன் தெலாந்து வந்து கிடங்குகளைக் கட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஓர்லெயான் கோட்டை எழுந்தது. மாமனார் சோழமண்டலக் கரையில், மருமகன் கங்கைக் கரையில். தொடக்கத்திலிருந்தே இரண்டு ஊருக்கும் சம்பந்தி உறவு.

பிறகு நாற்பது ஆண்டு சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. 1731இல் டூப்ளே வந்தார். புதுச்சேரிக் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான். கவர்னராகப் புதுச்சேரிக்குப் போகும் முன் பத்து ஆண்டுகள் சந்தன்நகரின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் வியாபாரத்தோடு சொந்த வியாபாரமும் செய்து, செங்கடல் துறைகளுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் சீனத்துக்கும் கப்பல் விட்டார். சந்தன்நகர் செழித்தது; அவரும் செழித்தார். கல்யாணமும் இங்கேதான், 1741இல். மணமகள் ழான், புதுச்சேரியில் பிறந்தவர், முதல் கணவரை இழந்தவர். புதுச்சேரிக்குத் திரும்பிய பின் கவர்னர் மனைவியாக அவர் செலுத்திய அதிகாரத்தைப் பற்றி டூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பொருமித் தள்ளியிருக்கிறார். வங்காளத்து வாசகர்கள் பலருக்கு அந்த நாட்குறிப்பைத் தெரியாது, நமக்கோ அந்த அம்மாள் சந்தன்நகரில் மணமானவர் என்பது தெரியாது.

பிள்ளை புதுச்சேரிக்கு எப்படியோ, சந்தன்நகருக்கு அப்படி இந்திரநாராயண் சௌத்ரி. பிரெஞ்சுக் கும்பினியின் திவான். பெரும் செல்வர், பிரான்ஸ் அரசர் பதினைந்தாம் லூயியிடமிருந்து தங்கப் பதக்கம் பெற்றவர். அவர் 1740இல் கட்டிய நந்ததுலால் கோயில் இன்றும் இருக்கிறது. கோபுரம் கிடையாது. ஓலைக்குடிசையின் கூரையைச் செங்கல்லில் வளைத்துக் கட்டிய மாதிரி இருக்கும். மழை நிற்காமல் வழிந்தோட வேண்டும் என்று மூங்கிலை வளைத்துப் போட்ட கூரை வடிவத்தை அப்படியே கோயிலுக்கு எடுத்துக்கொண்டது வங்காளத்தின் தனிச்சிறப்பு. பிரெஞ்சு மாளிகைகளைத் தேடிப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். வங்காளத்தின் பெருங்கவி பாரத்சந்திர ராய் வறுமையில் அலைந்த காலத்தில் அடைக்கலம் தந்தவரும் இந்த இந்திரநாராயண்தான். அவர் பரிந்துரைத்துத்தான் கிருஷ்ணநகர் அரசர் கிருஷ்ணசந்திரரின் அவைக்குக் கவிஞர் போய்ச் சேர்ந்தார்.

இந்தச் செழிப்பு முடிந்த தேதியைத் துல்லியமாகச் சொல்லலாம்: 1757 மார்ச் 23.

முந்தின ஆண்டு நவாப் சிராஜுத்தௌலா கல்கத்தாவைப் பிடித்துவிட்டார். மீட்பதற்காகச் சென்னையிலிருந்து கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் 1756 அக்டோபரில் கப்பலேறினார்கள். அந்தப் படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல். கல்கத்தா மீண்டும் கைக்கு வந்ததும், ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டிருந்ததைச் சாக்காக வைத்து அப்படியே சந்தன்நகர் மேல் திரும்பினார்கள். நவாபின் ஹூக்ளி அதிகாரி நந்தகுமார் தடுத்திருக்க வேண்டும், தடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார். ஆற்று வழியை அடைக்கப் பிரெஞ்சுக்காரர்கள் சில கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்து வைத்திருந்தார்கள். தன் மேலதிகாரிகளோடு பிணங்கிய பீரங்கி அதிகாரி ஒருவன் எதிரியிடம் ஓடிப்போய், எங்கே இடைவெளி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தான் என்பார்கள். காட்டிக்கொடுத்தவன் கதை எல்லாத் தோல்விகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் ஒன்றாதலால் நான் அதற்கு அதிக மதிப்புத் தருவதில்லை. வாட்சனின் போர்க்கப்பல்கள் ஏற்றத்தில் மிதந்து கோட்டைக்கு மிக அருகில் வந்து நின்று சுட்டன. சில மணி நேரத்தில் கோட்டையில் வெள்ளைக்கொடி ஏறியது. இரண்டு பக்கமும் ஏராளமான சாவு.

சரியாக மூன்று மாதம் கழித்து ஜூன் 23 அன்று பிளாசி. அங்கே நவாப் பக்கத்தில் கடைசி வரை உறுதியாக நின்று பீரங்கி இயக்கியவர்களில் சுமார் 50 பேர் சந்தன்நகரிலிருந்து தப்பிப் போன பிரெஞ்சுக்காரர்கள். பிளாசியை எல்லாரும் படிக்கிறோம். முதுகைப் பத்திரப்படுத்திக்கொள்ள ஆங்கிலேயர் முன்னதாகச் சந்தன்நகரை முடித்ததைப் பாடப் புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடுகிறது.

ஓர்லெயான் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அதில் பார்க்க ஒன்றுமில்லை. 1763இல் ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள், இனிக் கோட்டை கட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. பிறகு ஐரோப்பாவில் சண்டை வரும்போதெல்லாம் பிடுங்குவதும் சமாதானம் ஆனதும் கொடுப்பதுமாக இருந்து, 1816இல் கடைசியாகப் பிரான்சிடமே விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்றால், பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. சுமார் மூன்று சதுர மைல் நிலம், படையில்லை, கோட்டையில்லை. உப்பு வியாபாரத்தை விட்டுக்கொடுத்ததற்காக ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாயும், ஏல விலைக்கு 300 பெட்டி அபினியும் பிரெஞ்சு இந்தியாவுக்குத் தருவதாக 1815 உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு பேரரசு அடுத்த வீட்டுக்காரனிடம் வாழ்க்கைப்படி வாங்கிக்கொண்டு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் எல்லை எல்லைதான். கிழக்கிந்தியாவின் முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது. அது தாமதமானதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: பெட்டிகளைக் கொண்டுவந்த கப்பல் மூழ்கிவிட்டது, எஞ்சினை ஏற்றிய கப்பல் வழி மாறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது, சந்தன்நகர் எல்லையைத் தொடுவதற்குப் பிரெஞ்சுக்காரர்களோடு தகராறு. மூன்று சதுர மைல் ஊருக்கு அந்த அளவு செல்லுபடி இருந்தது.

இந்தச் செல்லுபடியை வங்காள இளைஞர்கள் கண்டுகொண்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிரிட்டிஷ் இந்தியாவின் ஆயுதச் சட்டம் சந்தன்நகரில் செல்லாது. பிரிட்டிஷ் போலீஸ் அனுமதியில்லாமல் உள்ளே வர முடியாது. கல்கத்தாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், படகில் ஓர் இரவு. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு எதற்காகப் போனாரோ, அதே காரணத்துக்காக வங்காளப் புரட்சியாளர்கள் சந்தன்நகருக்குப் போனார்கள்.

ஆயுத விற்பனைக்குத் தடை கொண்டுவந்தார் என்று கோபப்பட்டு, 1908 ஏப்ரலில் ஊர் மேயர் தார்திவேலின் வீட்டில் குண்டு வீசினார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கனைலால் தத்தா என்ற சந்தன்நகர் இளைஞர் அலிப்பூர்ச் சிறைக்குள்ளேயே துப்பாக்கியை வரவழைத்து, அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேன் கோஸ்வாமியைத் தம் தோழர் சத்யேந்திரநாத் போஸுடன் சேர்ந்து சுட்டுக் கொன்றார். மேல்முறையீடு செய்ய மறுத்து நவம்பர் 10 அன்று தூக்குமேடை ஏறினார். வயது இருபது. அவருடைய இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோன அரசு, சில நாள் கழித்துத் தூக்கிலிட்ட சத்யேந்திரநாத்தின் உடலை வெளியே கொடுக்கவே இல்லை. கனைலால் படித்த டூப்ளே கல்லூரியை 1908இல் மூடியவர்கள் மறுபடி திறக்க 1931 ஆயிற்று. அந்தப் பெயரில் இருந்த பள்ளி இன்று கனைலால் வித்யாமந்திர். டூப்ளேயின் பெயரை அழித்துவிட்டு, அதே வளாகத்துப் பழைய மாணவன் பெயரை எழுதியிருக்கிறார்கள். வேறு எந்த நினைவுச்சின்னமும் எனக்கு இந்த அளவு நியாயமாகப் படவில்லை.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான கதை 1910 பிப்ரவரியில் நடந்தது. கைது செய்யப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் அரவிந்தர் கல்கத்தாவில் படகேறி, இரவோடு இரவாகச் சந்தன்நகரில் இறங்கினார். முதலில் ஆள் அனுப்பியது டூப்ளே கல்லூரி ஆசிரியர் சாருசந்திர ராயிடம். அலிப்பூர் வழக்கில் சிக்கி வெளியே வந்திருந்த அவர் தயங்கினார். செய்தி மோதிலால் ராய் என்ற இளைஞரின் காதுக்குப் போனது. யாரையும் கேட்காமல் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஏறக்குறைய ஆறு வாரம் வெளியே தலைகாட்டாமல் அங்கே இருந்துவிட்டு, மீண்டும் படகில் கல்கத்தா வந்து, பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் ஏறி ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் இறங்கினார் அரவிந்தர். வரவேற்கத் துறைமுகத்தில் நின்றவர்களில் பாரதியின் நண்பர் சீனிவாசாச்சாரியும் ஒருவர். அரவிந்தர் வந்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? டூப்ளே. சந்தன்நகரிலிருந்து புதுச்சேரிக்கு ஆளத் தெரிந்த ஒருவர் போன அதே தடத்தில், அவர் பெயர் தாங்கிய கப்பலிலேயே, ஆட்சியிடமிருந்து தப்பி ஒருவர் போனார். கதையாக எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

மோதிலால் ராய் பிறகு பிரவர்த்தக் சங்கத்தை நிறுவினார். ராஸ்பிஹாரி போஸ் வளர்ந்ததும் இந்த ஊரில்தான். 1912 டிசம்பரில் தில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மேல் குண்டு விழுந்ததற்குப் பின்னால் இருந்தவர், பிற்பாடு ஜப்பான் போனவர். 1930இல் சிட்டகாங் ஆயுதக்கிடங்குத் தாக்குதல் முடிந்து தப்பியவர்களில் சிலர் ஒளிந்ததும் சந்தன்நகரின் கோந்தல்பாடாவில். ஊருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று சுஹாசினி கங்குலியும் சசதர் ஆச்சார்யாவும் கணவன் மனைவி போல் வீடு எடுத்து அவர்களை வைத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் நாள் விடியுமுன் கல்கத்தா போலீஸ் கமிஷனர் டெகார்ட் எல்லையைத் தாண்டி வந்து வீட்டைச் சுற்றி வளைத்தார். ஜீவன் கோஷால் என்ற இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அந்த இரவு எல்லைக்கோடு காப்பாற்றவில்லை.

1947க்குப் பிறகு அந்தக் கோடு சுமையாகிவிட்டது. சுற்றி இந்தியா, நடுவில் மூவண்ணத்திலேயே வேறொரு மூவண்ணக் கொடி. பிரெஞ்சு அரசு ஊருக்குச் ‘சுதந்திர நகரம்’ என்று தகுதி கொடுத்துப் பார்த்தது, ஒட்டவில்லை. 1949 ஜூன் 19 அன்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். இந்தியாவோடு சேர வேண்டாம் என்று விழுந்தவை வெறும் 114. சேர வேண்டும் என்றவை ஏழாயிரத்துக்கும் மேல். 1950 மே 2 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1952 ஜூனில். 1954 அக்டோபர் 2 அன்று மேற்கு வங்காளத்தில் இணைந்தது. அதே மாதம் 18ஆம் தேதி கீழூரில் புதுச்சேரிப் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இங்கேதான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன. புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதியாக நின்றது. பிரெஞ்சு அடையாளத்தைக் காப்பாற்ற அதற்கென ஓர் அரசு இருந்தது. சந்தன்நகர் ஹூக்ளி மாவட்டத்தில் இன்னொரு ஊராகக் கரைந்தது. மஞ்சள் சுவர் ஏன் இல்லை என்று கேட்ட என் உறவினர்களுக்கான பதில் இந்தப் பத்தியில் இருக்கிறது.

அதற்காகச் சந்தன்நகர்க்காரர்கள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: ஜகத்தாத்ரி பூஜை. ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அந்த நாளில் ஒதுக்குங்கள். தீபாவளிக்கு அடுத்த வளர்பிறையில், திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடக்கும் அதே சஷ்டியில் இங்கே பூஜை தொடங்கித் தசமி வரை போகும். கொல்கத்தா துர்கா பூஜை முடிந்து ஓய்ந்திருக்கும் நேரம்.

ஜகத்தாத்ரி என்றால் உலகைத் தாங்குபவள். நான்கு கைகள், சங்கு, சக்கரம், வில், அம்பு. சிங்கத்தின் மேல் அமர்ந்திருப்பாள், சிங்கத்தின் காலடியில் யானை வடிவ அசுரன். பாம்பே பூணூல். படிமம் மிகப் பெரியது. அண்ணாந்து பார்த்தால்தான் முகம் தெரியும். உடலெங்கும் வெள்ளை வெளேரென்று நெட்டி வேலைப்பாடு. தஞ்சாவூரில் நெட்டியில் கோயில் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களே, அதே நெட்டி. அதில் கிரீடமும் ஆரமும் திருவாசியும் செய்து இரண்டு ஆள் உயரத்துக்கு விரிப்பார்கள்.

இந்தப் பூஜை எப்படித் தொடங்கியது என்பதற்கு ஒரு கதை உண்டு. வரி கட்டாததற்காகக் கிருஷ்ணசந்திர அரசரை நவாப் சிறை வைத்தார்; விடுதலையாகிப் படகில் திரும்பும்போது துர்கை படிமங்களை ஆற்றில் கரைத்துக்கொண்டிருந்தார்கள்; பூஜையைத் தவறவிட்ட ஏக்கத்தில் உறங்கியவர் கனவில் தேவி வந்து, அடுத்த மாதம் இந்த வடிவில் கும்பிடு என்றாள். அதைக் கிருஷ்ணநகரில் பார்த்து இந்திரநாராயண் சந்தன்நகருக்குக் கொண்டுவந்தார் என்று முடிப்பார்கள். நவாப் யார் என்று கேட்டால் ஒருவர் அலிவர்தி கான் என்பார், இன்னொருவர் மீர் காசிம் என்பார். மீர் காசிம் என்றால் கணக்கு உதைக்கிறது. அதற்குள் இந்திரநாராயண் காலமாகிவிட்டார். எனக்குப் படுவது, அரசரைவிட அரிசி வியாபாரிகளுக்குத்தான் இதில் பங்கு அதிகம். ஊரின் மூத்த பூஜை நடப்பது லக்‌ஷ்மிகஞ்ச் சந்தையின் சாவுல்பட்டியில், அதாவது அரிசிக்கடைத் தெருவில். அந்தப் படிமத்தை ‘ஆதி மா’ என்றே அழைக்கிறார்கள். கிருஷ்ணநகர்ப் பக்கத்திலிருந்து ஆற்றில் நெல் வந்த வழியில்தான் தேவியும் வந்திருக்க வேண்டும். பக்கத்து ஊரான பத்ரேஷ்வரில் தேந்துல்தலா பூஜையில் தேவியை வழியனுப்பும் சடங்கை ஆண்கள் புடவை கட்டிக்கொண்டு செய்வார்கள். முதல் முறை பார்ப்பவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள்; சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிவிடுவார்கள்.

தசமி இரவு ஊர்வலம். ஒவ்வொரு படிமத்துக்கும் முன்னால் லாரி லாரியாக விளக்கு. யானை தும்பிக்கை ஆட்டும், மயில் தோகை விரிக்கும், ரயில் ஓடும், எல்லாம் பல்புகள். வட இந்தியாவில் எந்த விழாவில் ஓடும் விளக்கைப் பார்த்தாலும் அதற்குச் சந்தன்நகரில் பட்டறை இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கலையை வளர்த்தவர்களில் ஸ்ரீதர் தாஸ் பெயரை எல்லாரும் முதலில் சொல்வார்கள். மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன் இது நடந்த விதம் எனக்கு இன்னும் வியப்பு. ஒரு மர உருளை; அதன் மேல் செம்புத் தகடுகளைக் கணக்குப் பார்த்து ஒட்டியிருப்பார்கள். மோட்டார் உருளையைச் சுற்றும்போது வரிசையாக இருக்கும் கம்பி முனைகள் தகட்டைத் தொட்டுத் தொட்டு விடும். தொட்டால் எரியும், விட்டால் அணையும். எந்த பல்பு எப்போது எரிந்தால் யானையின் தும்பிக்கை உயரும் என்பது முழுக்க அந்தத் தகடு ஒட்டியவன் மனக்கணக்கு. சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டிக்குள்ளும் இப்படித்தான் இருக்கும். சின்ன பல்புகளுக்கு ஒவ்வொன்றாக வண்ணத் தாள் சுற்றுவதைக் குடும்பமே உட்கார்ந்து செய்தது. எல்.இ.டி. வந்தபின் மின்செலவு குறைந்தது, வண்ணம் கூடியது; உருளை ஒட்டத் தெரிந்தவர்களுக்கு வேலை போயிற்று. அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சத்தின் சூட்டை எல்.இ.டி. தரவில்லை என்று அலுத்துக்கொள்ளும் கட்சியில் நானும் ஒருவன்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘ஜல்பரா தால்ஷான்ஷ் சந்தேஷ்’. தால்ஷான்ஷ் என்றால் நுங்கு. நுங்கு வடிவ மர அச்சில் செய்த கெட்டியான பால்கோவா மாதிரியான இனிப்பு; உள்ளே ரோஜாப் பன்னீர். தெலினிபாடா ஜமீன் வீட்டில், நம் ஆடி விருந்து போன்ற ஜமாய் சஷ்டிக்கு வந்த மாப்பிள்ளையைக் கேலி செய்ய, கடித்தால் சட்டை நனைய வேண்டும் என்று சூர்ய மோதக் என்ற இனிப்புக் கலைஞரிடம் சொல்லிச் செய்யவைத்தார்களாம். மாப்பிள்ளைக்கு நேர்ந்தது கதையா உண்மையா தெரியாது. என் வெள்ளைச் சட்டைக்கு நேர்ந்தது உண்மை. ஒரே வாயில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது குனிந்து கடியுங்கள். குளிர்காலத்தில் பன்னீருக்குப் பதில் புது ஈச்சம்வெல்லப் பாகு வைப்பார்கள். அதற்காகவே டிசம்பரில் இன்னொரு முறை போகலாம்.

பழைய வங்காளத்தில் பராஸ்டாங்கா வேட்டி என்றால் மல்லு வேட்டிக்கு நம்மிடம் இருந்த மதிப்பு. இன்று பெயர்தான் மிச்சம். இன்னொரு பராஸ்டாங்காக்காரர் அந்தோனி பிரிங்கி. போர்த்துகீசிய வம்சத்தவர், பிராமண விதவை ஒருவரோடு வாழ்ந்தவர், வேட்டி கட்டிக்கொண்டு காளி மேல் பாடியவர். இரண்டு கட்சியாக நின்று பாட்டிலேயே கேட்டுப் பாட்டிலேயே மடக்கும் ‘கவிகான்’ அரங்கில் பெயர் பெற்றார். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று நம் லாவணிக்காரர்கள் மோதிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கம் பறங்கியர் ஒருவர்.

போகும் வழி எளிது. ஹௌராவிலிருந்து பண்டேல் லோக்கல் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் சந்தன்நகர். நிலையத்திலிருந்து டோட்டோ என்ற மின்ரிக்‌ஷாவில் ஏறி ஸ்ட்ராண்ட் என்று சொன்னால் போதும், ஆற்றங்கரை நடைபாதைக்கு அதுதான் பெயர். ஆற்றங்கரையில் பிரெஞ்சு நிர்வாகியின் பழைய மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது. ஹரிஹர் சேட் என்ற உள்ளூர் வணிகரின் தொகுப்புகள் அதில் நிறைய. 1884இல் திறந்த திரு இருதய ஆலயம் பக்கத்திலேயே. தெற்கே போனால் ‘பாதாள் பாடி’: கீழ்த்தளம் வெள்ளக் காலத்தில் ஆற்றுக்குள் போய்விடும் வீடு. தாகூர் இளமையில் தம் அண்ணன் ஜோதிரிந்திரநாத்துடன் தங்கி மழைக்காலத்தை அனுபவித்த மோரன் தோட்டம் கோந்தல்பாடாவில் இருந்தது. அந்த இடத்தில் பிறகு சணல் ஆலை வந்துவிட்டது, தேடிப் போகாதீர்கள். ஜி.டி. சாலை என்ற கிராண்ட் டிரங்க் சாலையில் ஊரின் வாயிலாக 1937இல் எழுப்பிய வளைவில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறார்கள். அதே சாலையில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ஹென்றி பிடிங்டன் அங்கே அடங்கியிருக்கிறார். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த ஆங்கிலேயர். வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகையில் நம் வானிலைச் செய்தியில் அடிபடும் அந்தச் சொல்லின் சொந்தக்காரர் பிரெஞ்சு ஊரின் மண்ணில் கிடக்கிறார்.

மாலையில் ஸ்ட்ராண்டில் கூட்டம் சேரும். ஆறு ஊருக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் மறைவதை அங்கிருந்து பார்க்க முடியாது. முதுகுக்குப் பின்னால், வீடுகளுக்கு நடுவே விழுந்துவிடும். அதனால் ஐந்து மணிக்கு மேல் ராணி காட் படித்துறையில் படகு டிக்கெட் எடுத்து எதிர்க்கரை ஜகத்தலுக்குப் போய்விடுங்கள். அங்கே இறங்கினால் ஆலைப் புகைபோக்கிகளும் டீக்கடையும்தான். மண் கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் மாளிகைத் தூண்களும் மரங்களும் கறுத்துப்போய் ஒரே கோடாகத் தெரியும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.